அப்பா தூங்கும் வீடு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீடு பகலெல்லாம் ஊமை வீடு. அப்பாவுக்கு இரவு வேலை. கிள்ளானுக்குப் போகும் சரக்கு ரயிலில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுவார். விடிந்து வந்து, ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். தூக்கம் கெட்டால் எஞ்சின் நெருப்பின் முன்னால் கண் அயர்ந்துவிடுவாரோ என்று அம்மாவுக்குப் பயம். அதனால் பசி, தாகம், சண்டை எல்லாமே எங்களுக்குக் கைச்சாடைதான். பானைக்கு அடியில்கூடத் துணி விரித்திருப்பாள்.

அடக்கி வைத்ததையெல்லாம் நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கொட்டினேன். கேள்வி முடிவதற்குள் பதிலைக் கத்துவேன். மேசையைத் தட்டுவேன். பாடத்தின் நடுவே ரயில் மாதிரி ஊதுவேன். வாத்தியாரும் தமிழர்தான். வீட்டில் கண்டிக்க ஆளில்லாத பிள்ளை என்று முடிவு கட்டி, ஒருநாள் பள்ளி விட்டதும் என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

வாசலில் அவர் வாயைத் திறந்ததும் அம்மா உதட்டின்மேல் விரலை வைத்தாள். கோட்டும் தொப்பியுமாக வந்தவரைப் போய் சின்னப் பிள்ளையை அடக்குவதுபோல அடக்கினாள். எனக்கு மானமே போயிற்று. அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அப்பா தூங்குவதையும், தம்பிகள் சாடையிலேயே சண்டை போடுவதையும் பார்த்தபடி, சத்தம் வருமென்று அம்மா ஆற்றாமலே கொடுத்த காப்பியை நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்தார். பிறகு பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

நல்ல மனிதர். அதுதான் வினையாயிற்று. மறுநாள் என்னை எழுப்பி நிறுத்தி, அப்பாவின் வேலை, ஈரத்துணி, சாடை எல்லாவற்றையும் வகுப்புக்கு விளக்கினார்.

"பாவம், வீட்ல பேச முடியாமத்தான் இங்க கத்துறான். இனிமே யாரும் இவனைத் திட்டாதீங்க."

அதுவரை நான் வகுப்பின் போக்கிரி. ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வீட்டுப் பிள்ளைகளே எனக்குப் பயப்படுவார்கள். அன்று இடைவேளையில் அவர்களில் ஒருவன் தன் ரொட்டியில் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினான். பிரம்படி எத்தனையோ வாங்கியிருக்கிறேன். அந்த ரொட்டியைப்போல எதுவும் என்னைக் கூசவைத்ததில்லை. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை.

பிள்ளை திருந்திவிட்டான் என்று வாத்தியார் பூரித்துப்போனார். கடைத்தெருவில் அப்பாவைப் பார்த்து அதைச் சொல்லவும் சொல்லியிருக்கிறார். லீவு நாள் என்பதால் அப்பா விழித்திருந்தார். வீடே அதிரச் சிரித்துக்கொண்டு வந்து, எப்படித் திருந்தினாய் என்று கேட்டார். நான் ஒன்றுமில்லை என்று கையை அசைத்தேன்.

"நான்தான் முழிச்சிருக்கேனே, வாயைத் தெறந்து சொல்லு லா."

என் கைதான் மறுபடியும் அசைந்தது.