மஸ்கட் மாத்திரையும் நெடுங்காட்டு மாத்திரையும்

"புதன். காலை 7.10, பிரஷர் மாத்திரை. இரவு 8.45, நெஞ்சு மாத்திரை. இரண்டு கணுக்காலிலும் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது."

ஆவணி மாதத்து நாட்குறிப்பில் என் மனைவியைப் பற்றி நான் எழுதியது இது. மழை, வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், மின்தடை நேரம் எல்லாவற்றையும் எழுதி வைக்கிற பழக்கம் எனக்குண்டு. அதே நோட்டில் அவளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

மறுநாள் காலை நெடுங்காட்டு சுகாதார நிலையத்துக்குப் போனோம். மருத்துவர் அவள் காலை அழுத்திப் பார்த்தார்.

"வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களாம்மா?"

"இல்லங்க டாக்டர். நீங்க குடுக்குறதுதான்."

இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கப் பாண்டிச்சேரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். அதுவரை பயணம் வேண்டாம், உப்பைக் குறைக்க வேண்டும். மஸ்கட்டில் மகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. தலைப்பிரசவம். மருமகனுக்கு விடுப்பு கிடையாது. உதவிக்கு இவள் போகும் விமானத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். வெளியே வந்ததும் அவள், "கால் வீங்கினா என்ன, நடந்தா போறேன்? பிளேன்லதானே போறேன்" என்றாள்.

அன்றே வீட்டில் கருவாடு நின்றது. பயணம் உண்டோ இல்லையோ, கொண்டுபோகும் மருந்துகளுக்கு ஒரு பட்டியல் தயாராக இருக்கட்டும் என்று மறுநாள் பிரஷர் மாத்திரை, நெஞ்சு மாத்திரை அட்டைகள் இரண்டையும் என் நோட்டையும் எடுத்துக்கொண்டு அதே நிலையத்தின் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போனேன். மருந்தாளுநர் இளம்பெண். மருந்துகளின் சரியான பெயரை எழுதித் தரச் சொன்னேன்.

அட்டைகளைத் திருப்பிப் பார்த்தவர், "இது ரெண்டும் யாருக்கு சார்?" என்றார்.

"வீட்டுக்காரிக்குத்தாம்மா. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"ஒரே ஆளுக்கா? கண்ணாடி போட்டுக்கிட்டு இந்தப் பொடி எழுத்தப் படிங்க."

படித்தேன். இங்கே கொடுத்த அட்டையில் அம்லோடிபின், ஐந்து மில்லிகிராம். மஸ்கட்டிலிருந்து மகள் அனுப்பிய நெஞ்சு மாத்திரை அட்டையில், பெரிய எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயருக்கும் அரபு எழுத்துக்கும் கீழே, அம்லோடிபின், ஐந்து மில்லிகிராம்.

ஒரு மருந்துக்குப் பொதுப்பெயர் ஒன்றுதான். வணிகப் பெயரைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைக்கலாம். நான் நோட்டில் இந்த இரண்டையும் எழுதவில்லை. வீட்டில் சொல்லும் பெயரை எழுதியிருந்தேன். அதனால் ஒரே மருந்து என் பக்கத்தில் இரண்டு மருந்தாக, நேரம் தவறாமல் பதிவாகியிருந்தது.

"நோட்டுப் போட்டு நிமிஷம் வரைக்கும் எழுதுறீங்க. மருந்து பேர விட்டுட்டீங்களே சார்" என்றார் அவர், என் நோட்டைப் புரட்டிக்கொண்டே.

அவரே மருத்துவரிடம் சொல்லி என்னை உள்ளே அனுப்பினார். மருத்துவர் மஸ்கட் மாத்திரையை நிறுத்தினார். அளவு கூடினால் இந்த மருந்தின் பக்கவிளைவாகக் கால் வீங்கலாம், வேறு காரணமும் இருக்கலாம் என்றார். வீக்கம் வடிந்தால் போகலாம், வடியாவிட்டால் பாண்டிச்சேரிதான்.

"இன்னைக்கு நிறுத்துனா நாளைக்கு வடிஞ்சிடுமா டாக்டர்?"

"வடியாதுங்க. இதுக்கு அரை ஆயுள் ஜாஸ்தி."

ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்தான் அரை ஆயுள். இந்த மருந்துக்கு அது ஏறக்குறைய ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள். பாதி, பாதியில் பாதி என்று கூடுதலாக ஏறியது இறங்க எட்டு முதல் பத்து நாள் பிடிக்கும். விமானத்துக்கு அப்போது மீதம் பதினோரு நாள்.

வீட்டுக்கு வந்து அவளிடம், டாக்டர் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றேன்.

"அவர் மாத்திரையத்தானே கேட்டாரு. இது பொண்ணு அனுப்புனது."

அவள் கணக்கில் அது பொய் இல்லை; அன்று பக்கத்தில் இருந்த எனக்கும் தோன்றவில்லை. வளைகுடாவிலிருந்து வரும் பெட்டி எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் பிரிக்கப்படும்போது பேரீச்சை, பிஸ்தா, சோப்பு, தைலம், மாத்திரை எல்லாம் ஒன்றாகத்தான் வெளியே வரும். அந்த அட்டையும் பிஸ்தா டப்பாவில்தான் இருந்தது. நெஞ்சுக்கு நல்லது என்று மகள் சொல்லியிருந்தாள். அங்கே அவள் தன் மாமியாருக்கு வாங்கியதில் மிச்சம்.

"வானத்துல பேயுற மழைய அளந்து எழுதுறீங்க. எம் வாயில போறத எழுதலையாக்கும்" என்றாள்.

நான்கு நாள் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தாம் நாள் தலைசுற்றல் நின்றது. தினமும் காலையில் தையல் டேப்பால் கணுக்காலை அளந்தேன். ஒன்பதாம் நாள் விரல் குழி விழவில்லை. பத்தாம் நாள் மருத்துவர் பார்த்துவிட்டுப் பயணத்துக்குக் கடிதம் கொடுத்தார். அவள் அன்று மாலையே பெட்டி கட்டினாள். காரைக்கால்மேட்டுக் கருவாடு இரண்டு பொட்டலம் உள்ளே போனதை நான் பிறகுதான் அறிந்தேன்.

பேத்தி பிறந்து இன்றோடு பதினாறு நாள். வீக்கம் வடிந்தது மாத்திரையை நிறுத்தியதாலா, கருவாட்டை நிறுத்தியதாலா என்று இங்கே தெரியவில்லை. இரண்டையும் ஒரு நாள் இடைவெளியில் நிறுத்திவிட்டோம். அங்கே அவள் ஒரு மாத்திரையோடு கருவாடும் சாப்பிடுகிறாள். நேற்று வீடியோவில் காலைக் காட்டச் சொன்னேன். "ஒண்ணும் இல்லங்க, இதப் பாருங்க" என்று குழந்தையின் காலைக் காட்டினாள்.

நேற்றைய தேதியில் "வீக்கம் இல்லை" என்று எழுதி, பக்கத்தில் "அவள் சொன்னது, நான் பார்க்கவில்லை" என்று குறித்திருக்கிறேன்.