மொட்டை மாடியில் நிற்கும் என் கம்பிகள்

ஜெர்மனியில் எங்கள் கட்டடத்துக்காரர்கள் படியேறும்போது, நடையில் இருக்கும் ஹைட்சுங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒருவருக்கொருவர் வணக்கமே சொல்கிறார்கள். ஹைட்சுங் என்பது வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் இரும்புச் சட்டம். கிழக்கே சண்டை மூண்டு குழாயில் வந்த எரிவாயு நின்றதிலிருந்து அது பெயருக்குத்தான் சுடுகிறது. வீட்டுக்கார அம்மா ஹெல்காவிடம் குளிர்கிறது என்றேன். "நீங்கள் வெயில் ஊர்க்காரர், உடம்பில் சூடு சேர்ந்திருக்குமே" என்றார். சேர்த்து வைக்க உடம்பென்ன வெந்நீர் அண்டாவா? இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டேன்.

ஆரணியில் நான் இருந்த காலத்தில் கரண்ட் போனால் எங்கள் பட்டுத் தறிகள் பாதி ஓட்டத்தில் நின்றுவிடும். தம்பி குமரன் தலையில் கைவைத்து உட்காருவான். கரண்டே போகாத நாட்டுக்குப் போகிறேன் என்று அவனிடம் பீற்றிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். பிறகு வளைகுடாப் பக்கமும் சண்டை வந்தது. ஒருநாள் வீடியோவில் வெறும் பனியனோடு வந்தான்.

"சிலிண்டர் புக் பண்ணா வர்றதே இல்லண்ணா, ஒரே பேஜாரு. மாடி ஃபுல்லா சோலார் போட்டுடலாம்னு கீறேன். அடுப்பு, தறி எல்லாம் அதுலயே ஓடும்."

"போடேன்."

"மேற்கு மூலையில உன் கம்பி நிக்குதே. அந்த நிழல் பேனல் மேல விழுமாம். அறுத்துடட்டா?"

அப்பா வீடு கட்டியபோது, மேல்தளம் எனக்கு என்று சொல்லி தூண் கம்பிகளை வானம் பார்க்க நீட்டி விட்டுவைத்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் துருப்பிடிக்காமலிருக்க நானே அவற்றுக்கு சிமெண்ட் பால் பூசிவிட்டு வருவேன். ஊரில் எனக்கென்று இருப்பது அந்தக் கம்பிகள்தான்.

"அறுக்காதே" என்றேன்.

"நீ எப்பண்ணா வரப்போற?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். அவன் மறுபடி கேட்கவில்லை. கம்பிகளை விட்டுவிட்டு சோலார் பலகைகளைப் பொருத்தினான். "நீயும் பாத்துக்கோண்ணா" என்று மின்சாரம் வரும் அளவைக் கோடாகக் காட்டும் அதன் ஆப்பை என் போனிலும் போடவைத்தான்.

இங்கே விடியாத காலையில் அதைத் திறந்தால், அங்கே கோடு மலையேறிக்கொண்டிருக்கிறது. அவன் வீட்டில் ஏசி ஓடுகிறது, சோறு கொதிக்கிறது, தறி நிற்பதேயில்லை. சண்டை இரண்டு பேர் வீட்டுக்கும்தான் வந்தது. அவனுக்கு அண்ணாந்து பார்க்க ஒரு வெயில் இருந்தது, எனக்கு ஹெல்காதான். ஒளிப்பானேன், எனக்குப் பொறாமை. வயிறு எரிகிற எரிச்சலில் இந்த அறையைக் கதகதப்பாக்கிவிடலாம்.

போன சனிக்கிழமை படியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெல்கா நின்று, "ஹைம்வே?" என்றார். வீட்டு ஏக்கமா என்று பொருள். ஆமாம் என்று தலையாட்டினேன். பாவம், தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. ஆரணியில் வெயில் மேற்கே சாயும் நேரம் அது. அந்த நேரத்தில் தினமும் கோட்டில் சட்டென்று ஓரிடத்தில் பள்ளம் விழும். என் கம்பிகளின் நிழல். விழுகிறதா என்று காத்திருந்தேன். விழுந்தது. இன்னும் அறுக்கவில்லை என்று நிம்மதியாக எழுந்து, ஹைட்சுங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.