முன்பக்கம் வந்த காற்று

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நல்லம்பள்ளி ஷெட்டில் இருந்தவர்கள்:

நான்.

என் மனைவி. காரின் பின்சீட்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய அக்கா. கையில் கற்பூரமும் எலுமிச்சம்பழமும்.

மெக்கானிக். அவரைப் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

பாயின் மச்சான். ஒயரிங் வேலை அவருடையது.

எதிர்க்கடை டீக்காரர். அவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் இருந்தார்.

ஆறு பேர். ஆறு பேரும் பார்த்தோம். ஒருவருக்கும் புரியவில்லை.

என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்வதில்லை. செவ்வாயும் வெள்ளியும் சேலத்தில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் மிஷினில் படுக்க வேண்டும். தருமபுரியில் பேர் கொடுத்து வைத்திருக்கிறோம், முறை வரவில்லை. சேலத்தில் பகல் பன்னிரண்டு மணி பெட். பன்னிரண்டரைக்குள் போகாவிட்டால் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். அதில் தப்பில்லை. வெளியே ஆள் காத்துக் கிடக்கும்.

பஸ்ஸில் ஒரு தடவை போனோம். திரும்பி வரும்போது உட்கார இடமில்லை. அதன்பிறகு காரில்தான். பழைய டீசல் கார். தண்ணீர் டேங்கர் ஓட்டிய காலத்தில் வாங்கியது. ரேடியேட்டருக்குப் பின்னால் என்ஜினோடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றுகிற விசிறி. என்ஜின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும்.

சேலத்துக்குப் போகும்போது தொப்பூர் இறக்கம். வரும்போது ஏற்றம். லோடு லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர வேண்டும். காற்று அங்கேதான் அதிகம் வேண்டும். அங்கேதான் கிடைக்காது. போன வெள்ளிக்கிழமை அப்படி ஊரும்போது சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டுவதற்குள் வெள்ளைப் புகை. என்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடு, கேஸ்கெட், போய்விட்டது.

சூட்டில் வளைந்த ஹெட்டைப் பாய் கழற்றித் தருமபுரி லேத்தில் சீவி எடுத்து வந்தார். இது இரண்டாவது தடவை.

"இதாண்ணே கடைசி. இனிமே சீவறதுக்கு அதுல இரும்பு இல்ல. இன்னொரு தடவ கொதிச்சா என்ஜின எடைக்குத்தான் போடணும்" என்றார்.

கரன்ட் ஃபேன் போடலாம் என்று சொன்னதும் அவர்தான். என்ஜின் ஓடினாலும் நின்றாலும் அது ஒரே வேகத்தில் சுற்றும். பழைய சாமான் கடையில் ஒரு சின்ன பெட்ரோல் காரின் ஃபேனைத் தேடிப் பிடித்தார்.

இந்த வேலை நடந்ததில் செவ்வாய்க்கிழமை போய்விட்டது. அன்று முகூர்த்தம். சுத்துப்பட்டு வாடகைக் கார் எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தன. டயாலிசிஸ் இல்லை. புதன்கிழமை அவளுக்குக் கால் வீங்கியது. வியாழக்கிழமை முகம். அன்றைக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமையையும் விட்டால் என்ன ஆகும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. தெரிந்ததைக் கேட்பானேன்.

வெள்ளிக்கிழமை பாய் கடை திறக்க மாட்டார். எங்களுக்காகத் திறந்தார். பழைய விசிறியின் இறக்கையைக் கழற்றிவிட்டுப் புது ஃபேனை ரேடியேட்டரின் பின்பக்கம் கிளாம்ப் போட்டு இறுக்கினார். மச்சான் ஃபியூஸ் வைத்து ஒயர் இழுத்து டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்தார். மோட்டாரிலிருந்து இரண்டு ஒயர் வந்தது. இரண்டும் எண்ணெய் பிடித்து ஒரே கருப்பாக இருந்தன.

"எது பிளஸ்சு, எது மைனசு?" என்றார் மச்சான்.

"குடுத்துப் பாரு. சுத்துதா?"

"சுத்துது."

"அப்புறம் என்ன?"

அரைமணி நேரம் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். முள் பாதியில் நின்றது. அசையவில்லை. பாய் வண்டியின் முன்னால் நின்று, கிரில்லுக்கு நேராகக் கையை வைத்தார்.

"அண்ணே, இங்க வந்து நில்லுங்க. காத்து எப்படி அடிக்குது பாருங்க."

நின்றேன். அடித்தது. மச்சான் வந்து நின்றார். டீக்காரரும் சட்டையை விலக்கிக்கொண்டு நின்றார்.

"ஏம்பா பாய், வண்டிக்கு ஃபேன் போட்டியா, எங்களுக்குப் போட்டியா? வெயில் காலத்துல என் கடைக்கு எதிர இத நிறுத்திட்டுப் போ."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். வீங்கிய முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் நான் வேறு பக்கம் திரும்பினேன்.

அவள் அக்கா எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழே வைத்தாள். தட்டில் கற்பூரம் ஏற்றி வண்டிக்கு நேராகக் காட்டினாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. தீ வண்டியை விட்டு எங்கள் பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. இரண்டு தடவை அணையப் பார்த்தது. அவள் உள்ளங்கையால் மறைத்துக் காப்பாற்றினாள்.

"தீபம் நம்ம பக்கம் வருது தம்பி. நல்ல சகுனம். தைரியமா போய்ட்டு வாங்க."

ஆறு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பாயும் மச்சானும் சும்மா கையைக் கட்டி நின்றார்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் நான்கு பேர்.

பத்தரைக்குக் கிளம்பினோம். அக்கா வீட்டுக்குப் போனாள். வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஃபேன ஆஃப் பண்ணவே வேணாண்ணே. ஓடிட்டே இருக்கட்டும்" என்று பாய் சொல்லி அனுப்பினார்.

நாற்கரச் சாலையில் அறுபதில் போனேன். பத்து நிமிடத்தில் முள் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. புது கேஸ்கெட், செட் ஆக நேரம் எடுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தொப்பூர் இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கினேன். முள் இறங்கியது. மனசு கொஞ்சம் லேசானது. கீழே சமதரை வந்ததும் வேகம் பிடித்தேன். முள் மறுபடியும் ஏறியது. பாதி, முக்கால், அதையும் தாண்டியது.

இந்த வண்டி ஏற்றத்தில் கொதிக்கும். சமதரையில் கொதித்தது கிடையாது.

பதினொன்று ஐந்துக்கு ஓரம் கட்டினேன். பானெட்டைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பாய்க்கு போன் போட்டேன்.

"ஃபேன் சுத்துதாண்ணே?"

"சுத்துது."

"பெல்ட்டு?"

"இருக்குது."

"தண்ணி ஒழுவுதா?"

"இல்ல."

"அப்ப இருபதுல போங்கண்ணே. வெரட்டாதீங்க. ஹெட்டு தாங்காது."

இருபதில் போனால் பன்னிரண்டரைக்குச் சேர முடியாது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி அவர் என்ன செய்வார்.

என்ஜினை அணைக்காமல் காத்திருந்தேன். முள் இறங்கியது. கால்மணி நேரம் கழித்து அணைத்துவிட்டு, துண்டைச் சுற்றி மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்தேன். கேனில் இருந்த தண்ணீரை, மறுபடி ஸ்டார்ட் செய்து ஓடவிட்டபடியே மெதுவாக ஊற்றினேன். இரண்டு லிட்டர் குடித்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்தது வெளியே போகாது என்பதால் அவளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். மாத்திரைக்கு, டீக்கு, ரசத்துக்கு எல்லாம் சேர்த்து. சின்ன டம்ளர் ஒன்று வைத்து அளந்து குடிப்பாள். செவ்வாய் போகாததால் அதிலும் பாதியாகக் குறைத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"அதுக்காச்சும் அளக்காம ஊத்தறீங்க. குடுத்து வெச்ச வண்டி" என்றாள்.

நான் மூடியைத் திருகினேன்.

மறுபடி கிளம்பினோம். ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் முள் முக்காலுக்கு வந்துவிட்டது. மறுபடி ஓரம் கட்டினேன். என்ஜின் ஓடியது, வண்டி நின்றது, முள் இறங்கியது. நின்றால் இறங்குகிறது. ஓடினால் ஏறுகிறது. முப்பது வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மணி பதினொன்று நாற்பது. சேலம் இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர். அவள் இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி, முன்னால் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் இறங்கி வண்டியின் முன்னால் போய் நின்றேன். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் நின்றேன்.

அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூப்பிட்டாள்.

"ஏங்க."

"என்ன?"

"மரத்துல எல அசையல. உங்க வேட்டி மட்டும் பறக்குது."

குனிந்து பார்த்தேன். வேட்டி வண்டியை விட்டு வெளிப்பக்கம் பறந்தது. முழங்காலில் சூடான காற்று அடித்தது. கிரில்லிலிருந்து வந்தது.

அப்போதுதான் கற்பூரம் ஞாபகம் வந்தது.

ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இது வெளியே தள்ளியது. நிற்கும்போது எந்தப் பக்கம் போனாலும் காற்று காற்றுதான், ரேடியேட்டர் ஆறும். ஓடும்போது எதிர்க்காற்று உள்ளே வரப் பார்க்கும், ஃபேன் வெளியே தள்ளும். இரண்டும் மோதி நடுவில் ஒன்றுமில்லாமல் போய்விடும். ஒயர் மாறிவிட்டது. மச்சான் கேட்டார். நாங்கள் சுத்துதா என்றோம்.

அங்கேயே ஒயரை மாற்றியிருக்கலாம். கட்டர் இல்லை, டேப் இல்லை, கொதிக்கிற என்ஜினுக்குள் கை விட வேண்டும். நேரமும் இல்லை. இன்னொரு வழி இருந்தது. ஃபேனை அணைத்துவிட்டு வேகமாகப் போவது. எதிர்க்காற்றே போதும். நான் நினைத்தது சரியாக இருந்தால் போதும். தப்பாக இருந்தால் என்ஜின் ரோட்டிலேயே போய்விடும். அவளும் ரோட்டில்.

வண்டியில் ஏறினேன்.

"என்ன பண்றீங்க?"

"ஃபேன நிறுத்தறேன்."

"கொதிக்கறப்பவா?"

"ஆமா."

அவள் முந்தானையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

சுவிட்சை அணைத்தேன். எழுபதுக்குப் போனேன். முள் முதலில் ஏறியது. ஒரு கோடு. கால் ஆக்ஸிலேட்டரை விட்டு வரப் பார்த்தது. விடவில்லை. ஒரு லாரியைத் தாண்டினேன், இன்னொன்றைத் தாண்டினேன். முள் நின்றது. நான் ரோட்டைப் பார்த்தேன். அவள் பின்னாலிருந்து எட்டி முள்ளைப் பார்த்தாள்.

"எறங்குதுங்க" என்றாள்.

சேலத்துக்குள் சிக்னலில் நின்றபோது ஃபேனைப் போட்டேன். வண்டி நகர்ந்ததும் அணைத்தேன். ஏழெட்டு சிக்னல். அவளே ஒவ்வொரு தடவையும் "போடுங்க", "நிறுத்துங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

பன்னிரண்டு இருபத்தி நாலுக்கு ஆஸ்பத்திரி. நர்ஸ் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னக்கா, அடுத்த ஆள கூப்ட்டுட்டேன் தெரியுமா? செருப்பக் கழட்டிட்டு இருக்காரு. ஓடி வாங்க."

என் மனைவியால் ஓட முடியாது. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். செருப்பைக் கழற்றியவர் மறுபடி மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

என்ஜின் ஆறும்வரை காத்திருந்தேன். பக்கத்துக் கடையில் டேப் வாங்கினேன். ஆட்டோக்காரர் ஒருவரிடம் கட்டர் வாங்கி இரண்டு ஒயரையும் வெட்டி இடம் மாற்றி முறுக்கினேன். சுவிட்சைப் போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டைக் கிரில்லுக்கு நேராகப் பிடித்தேன். துண்டு போய் ஒட்டிக்கொண்டது. கையை விட்டும் விழவில்லை.

இரண்டு மணிக்குத் தொழுகை முடித்திருப்பார் என்று பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், காத்து முன்னாடி வந்துச்சில்ல."

"ஆமாண்ணே."

"வரக் கூடாது."

அவருக்குப் புரிய நேரம் ஆகவில்லை. "யா அல்லா" என்றார். பிறகு, "தங்கச்சி?"

"பெட்டு கெடச்சிருச்சு."

"என் மேலதாண்ணே தப்பு."

"நாந்தான் மொதல்ல வந்து நின்னு காத்து வாங்கினேன்" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

ஐந்து மணிக்குத் திரும்பினோம். அவள் முகம் வடிந்து பழைய முகமாகியிருந்தது. தொப்பூர் ஏற்றத்தில் எங்கோ ஒரு லாரி நின்றுவிட்டது. வரிசை ஊர்ந்தது. முதல் கியர், நிற்பது, முதல் கியர். கேஸ்கெட் போன இடத்தைத் தாண்டினோம். ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முள் பாதியில் இருந்தது. நாற்பது நிமிடம் அப்படியே இருந்தது.

மேலே வந்து ரோடு சமமானதும் அவள் பேசினாள்.

"இன்னிக்கி நீங்க கேக்கவே இல்லயே."

"என்ன?"

"எவ்ளோ தண்ணி எடுத்தாங்கன்னு."

மிஷின் அவள் உடம்பிலிருந்து எடுக்கிற தண்ணீர்க் கணக்கை ஒவ்வொரு தடவையும் கேட்பேன். அன்று பயத்தில் கேட்கவில்லை.

"எவ்ளோ?"

"மூணே முக்கா லிட்டர்."