ஊதா வரிகள்

ஒரு பாடலை வாசித்ததும் அதில் ஓடும் உணர்ச்சி என்ன என்று சொல்ல வேண்டும். பெண்கள் பள்ளியில் மூன்று ஆண்டுகள் நான் நடத்திய பாடம் அது. யார் பேசுகிறார்கள், யாரிடம், எந்த இடத்தில் குரல் மாறுகிறது என்று பாருங்கள் என்பேன். மாணவிகள் பார்க்க மாட்டார்கள். கடல் வந்தால் சோகம், மழை வந்தால் சோகம் என்று எழுதி வைப்பார்கள். நான் சிவப்பு மையால் அடிப்பேன்.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்த புதிது அது. கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்த என் கணவரை ஓர் ஆண்டுக்கு விசாகப்பட்டினம் அனுப்பினார்கள். குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது, புது ஊர்த் தண்ணீர் வேண்டாம் என்று நான்தான் திரேஸ்புரத்து வாடகை வீட்டிலேயே தங்கிவிட்டேன். சரியாகத்தான் செய்தேனா என்று தினமும் யோசித்தேன்.

அடுத்த வீட்டில் இருந்தவள் என்னைவிட மூன்று வயது இளையவள். அவள் கணவன் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்த்தான். அவளுக்கு எழுத்து தெரியாது. அந்தத் தெருவில் தோணிக்காரர்களின் மனைவிமார் கடுதாசி வந்தால் படித்தவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வாசிப்பவள் ஒரு வார்த்தையும் விடக் கூடாது. வாசித்ததை வெளியே சொல்லவும் கூடாது. டீச்சர் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

அவன் எழுத்தில் வரிக்கு இரண்டு பிழை. ஆனால் ஒருமுறை இப்படி எழுதியிருந்தான்: ‘நேத்து மீன் கூட்டமா துள்ளிச்சு. நீ இருந்தா கை தட்டிருப்ப. ஒனக்காக நான் தட்டினேன். பக்கத்துல இருந்தவன் கிறுக்கானு கேட்டான்.’ அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்படி ஒரு வரி எனக்கு வந்ததே இல்லை.

அதே வாரம் என் கணவரின் இன்லண்ட் கடிதம் வந்தது. நலம், நலமறிய ஆவல். குழந்தைக்கு ஊசி போட்டாயிற்றா? சமையலறை ஜன்னல் கொக்கியை மாற்றினாயா? பரீட்சைக்கு வந்த செய்யுளைப்போல அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். யார் பேசுகிறார்? ஒரு குமாஸ்தா. யாரிடம்? இன்னொரு குமாஸ்தாவிடம். குரல் எங்குமே மாறவில்லை.

அடுத்த மாதம் ஒரு பிற்பகல் அவள் கடுதாசியோடு வந்தாள். குழந்தைக்கு இரண்டு நாளாக மூக்கடைப்பு. மடியில் வைத்துக்கொண்டே பிரித்தேன். சரக்கு இறங்கத் தாமதம், அரிசி விலை, கூட வேலை செய்பவனுக்குக் காய்ச்சல். நடுவில் இரண்டு வரி: ‘நீ மஞ்ச சேலையோட கரையில நின்னது கண்ணுக்குள்ளயே இருக்கு. கண்ண மூடினா கரை பக்கத்துல வந்துருது.’

அந்த இரண்டு வரியை நான் வாசிக்கவில்லை. வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல மற்றதை வாசித்து முடித்தேன்.

அவள் முகம் வாடிவிட்டது. “அவ்வளவுதானாக்கா?”

“அவ்வளவுதான்.”

“எம்மேல கோவமா இருக்காவளோ?”

நான் குழந்தையின் மூக்கைத் துடைத்தேன். அவள் கடுதாசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு அதை என் முன்னால் விரித்து, நடுவில் விரலை வைத்தாள்.

“இங்கன என்ன போட்டிருக்கு?”

அப்போதுதான் கவனித்தேன். மற்ற எழுத்தெல்லாம் சாம்பல் நிறம். அந்த இரண்டு வரி மட்டும் ஊதா.

“தோணியில சரக்குக் கணக்கு எழுதுத பென்சிலு, அக்கா. எச்சி தொட்டா ஊதாவாயிரும். அவிய சும்மா எழுதுனா எச்சி தொடாம எழுதுவாவ. மனசுல இருக்கத எழுதும்போது நாக்குல வச்சு வச்சு யோசிப்பாவ. எப்பவும் நீங்க ஊதாவுக்கு வந்தாத்தான் எனக்குச் சிரிப்பு வரும். இன்னைக்கு வரவே இல்லையே.”

குழந்தை அழுததில் கண் தவறிவிட்டது என்றேன். குழந்தை அழவே இல்லை. அந்த இரண்டு வரியை வாசித்தேன்.

“இன்னொரு மட்டம் வாசிங்க,” என்றாள். வாசித்தேன். கடுதாசியை மடித்துக்கொண்டு எழுந்தவள், வாசலில் திரும்பினாள்.

“ஏன் டீச்சரக்கா, எங்க வீட்டுக்காரவிய ஒங்களுக்கு எழுதலைன்னு வருத்தமோ?”

கேலியாகத்தான் கேட்டாள். இனி கடுதாசியை வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள் என்று ஒரு மாதம் பயந்துகொண்டே இருந்தேன். ஆனால் அடுத்த கடுதாசியையும் என்னிடமே கொண்டுவந்தாள். ஒரே ஒரு மாற்றம்: உட்கார்ந்ததும் ஊதா வரிகளில் விரலை வைத்து, “மொதல்ல இத வாசிங்க, மிச்சம் பொறவு,” என்றாள். அவள் விரலை எடுக்கும்வரை என் பொறாமையும் அந்த வரிகளை விட்டு நகரவில்லை.

கடைத்தெருவில் அந்தப் பென்சில் கிடைத்தது. அன்று கணவருக்கு எழுதிய கடிதத்தில் ஊசி போட்டாயிற்று, கொக்கி மாற்றியாயிற்று என்று சாம்பலில் எழுதினேன். கடைசி வரிக்கு முன் பென்சிலை நாக்கில் வைத்து வெகுநேரம் யோசித்தேன். நாக்கு கசந்தது. ‘வீடு வெறிச்சென்று இருக்கிறது’ என்று எழுதினேன். ஊதாவாக வந்தது. ஒரு டீச்சர் செய்கிற காரியமா இது என்று தோன்றியும், கிழிக்காமல் தபாலில் போட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. நலம், நலமறிய ஆவல். ‘உன் கடிதத்தில் கடைசி வரி மட்டும் ஈரம் பட்டு நிறம் மாறியிருந்தது. மழைச் சாரல் உள்ளே அடிக்கிறதா? கொக்கி சரியாகப் பொருந்தவில்லைபோல. குழந்தையை ஜன்னல் பக்கம் கிடத்தாதே.’

அந்தக் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அதில் என்ன உணர்ச்சி என்று யாராவது கேட்டிருந்தால் எனக்கு எழுதத் தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரி, “ஒங்களுக்கு என்னக்கா எழுதிருக்காவ?” என்று கேட்டபோது, அது அலுவலகக் கடிதம் என்று சொல்லிவிட்டேன்.