பிள்ளையின் அறை ரேடியேட்டர்

வீட்டறையைச் சூடாக்குகிற ரேடியேட்டரைப் பார்க்கிற வேலைக்குப் படிப்புத் தேவையில்லை. தொட்டுப்பார்க்கப் புறங்கையும் பயமும் இருந்தால் போதும். கனடாவின் மொன்றியலில் பழைய வீடொன்றில் கைக்குழந்தையோடு குளிர்காலம் தள்ளுகிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் கீழே, ரேடியேட்டர்களுக்குச் சுடுதண்ணீர் அனுப்புகிற பொயிலருக்குப் பக்கத்து அறை அடுப்படி மாதிரிக் கொதிக்கும். அது மாமியின், என் கணவரின் தாயின், அறை. முழங்கால் வருத்தத்தால் அவவுக்குப் படியேற ஏலாது. மேலே கடைசி அறை விறைக்கும். அதில்தான் நாங்கள் மகளோடு படுக்கிறோம். குறைமாதத்தில் பிறந்தவள். அவள் தும்மினால் ரேடியேட்டரைத் தொட்டுப்பார்க்க ஓடுவேன்.

காற்று

ரேடியேட்டரின் கீழ்ப்பாதி சுட்டு மேல்பாதி குளிர்ந்தால், உள்ளே காற்று அடைத்திருக்கிறது. பக்கத்திலுள்ள சின்னத் திருகை இளக்கினால் போய்விடும். வீடியோவில் பார்த்துவிட்டு, கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கேக்குக்கு ஐசிங் பூப்போடப் பழகின கையால் திருகினேன். உஸ் என்று சீறியது. சீறல் நின்றதும் பூட்டவேண்டும் என்பதை மறந்து, சந்தோசத்தில் சிலுவை போட்டுக்கொண்டு நின்றேன். கறுத்த தண்ணீர் சுவர், திரைச்சீலை, நான் எல்லாவற்றிலும் அடித்தது. டோர்வல் விமானநிலையத்தில் பெட்டி ஏற்றுகிற என் கணவர் அன்ரன் வேலை முடிந்து வந்து, அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் பிளேனுக்குக் கீழ நிண்டுபோட்டு வெள்ளையா வாறன். நீ வீட்டுக்க நிண்டு என்னப்பா இந்தக் கோலம்?"

மாமியின் பங்கு

காற்றுப் போனபிறகும் மேலே சூடு போதவில்லை. பொயிலருக்குக் கிட்ட இருக்கிற ரேடியேட்டர் சுடுதண்ணீரை முதலில் குடித்துவிடுமாம்; அதன் வால்வைக் கொஞ்சம் இறுக்கினால்தான் தூரத்தில் இருக்கிறதுக்குப் போகுமாம். கிட்ட இருப்பது மாமியின் அறை. மன்னார் வெயிலில் வளர்ந்த மனுசி. அந்த அறையின் சூட்டில்தான் அவவின் முழங்கால் ஓரளவு நடக்கிறது. வீடியோ சொன்னதை மட்டும் மாமிக்குச் சொன்னேன். வால்வைத் திருகுகிற குறடும் கையுமாக வாசலில் நின்றேன். மாமி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டா.

"இறுக்கு பிள்ளை, குழந்தைக்கு அனுப்பு. முழுக்கப் பூட்டிப்போடாதை, நானும் இன்னும் உயிரோடதான் இருக்கிறன்."

செபமாலை நேரம்

அதன்பிறகு பகலில் அறை இளஞ்சூடாக இருந்தது. பின்னேரம் செபமாலை சொல்லி முடிய மறுபடி விறைத்தது. மகளுக்கு இருமலும் தொடங்கிற்று. பயம் வந்தால் மெழுகுதிரி கொளுத்து என்று மடத்துச் சிஸ்டர்மார் பழக்கியிருந்தார்கள். எனக்குப் பயம் கூடக் கூட, கீழே உள்விறாந்தையில் மாதா சுரூபத்துக்கு முன்னால் திரிகளும் கூடின. மகள் நித்திரையாகும்வரை ஒன்றையும் அணைக்கமாட்டேன். அறை இன்னும் குளிர்ந்தது.

லீவு நாளொன்றில் எங்களோடு முழந்தாளிட்ட அன்ரன், செபத்தின் நடுவில் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். சுரூபத்துக்கு நேர்மேலே தேமோஸ்டற். வீட்டுச் சூட்டைப் பார்த்துப் பொயிலரை எழுப்புவதும் படுக்கவைப்பதும் அதுதான். நான் கொளுத்திய ஒவ்வொரு திரியும், வீடு சூடாகிவிட்டது, நீ படு என்று அதுக்குச் சொல்லியிருக்கிறது. அன்ரன் செபமாலையோடு எழும்பி எட்டிப் பார்த்தார்.

"இருபத்தாறு டிகிரியாம். மாதாவுக்கு ஆடி மாதம், என்ர பிள்ளைக்குத் தை மாதம்."

யன்னலோரம்

சுரூபத்தை வேறிடத்துக்கு மாற்றுவதென்றால் மிஞ்சியிருந்தது மாமியின் யன்னலோரம்தான். குளிர்காற்று வருகிற இடம். மன்னாரிலிருந்து மாமி மடியில் வைத்துக் கொண்டுவந்த மாதாவை அங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை. தூக்கியபடியே நின்றேன். மாமி யன்னல் கட்டைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தா.

"அவவும் கைக்குழந்தையோட குளிருக்க கிடந்தவதானே. கோவிக்கமாட்டா, வை."

இருமலும் போய், அறையும் சூடாகிவிட்டதால், பிள்ளைக்கு வேர்க்கிறதோ என்று கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுதான் இப்போது என் வேலை.