முகப்பில் விழுந்த ஈரத் தடம்

அன்று முகப்பில் இருந்தவர்கள்: செக்கு வீட்டு அண்ணன் தம்பி, தபால்காரர் மகன், ராவுத்தர் மகள், ஆட்டை வேலியில் கட்டிப்போட்டுவிட்டு வந்த ஒருவன், இன்னும் சில பொடிசுகள். என் அண்ணன். தம்பியை மடியில் வைத்துக்கொண்டு நான். உள்கதவுக்குப் பின்னால் வீட்டுக்கார ஆச்சி. டீச்சர் மட்டும் இல்லை. டீச்சர் என் அம்மா.

ஆச்சியின் பெரிய வீட்டு முகப்புதான் எங்கள் ஊருக்குப் பள்ளிக்கூடம். உள்ளே மற்ற அறைகள் பூட்டிக் கிடந்தன. நாங்கள் பாடம் சொன்னால் உள்ளேயிருந்தும் யாரோ சொல்வதுபோல் கேட்கும்.

ஒரே டீச்சர். பேறுகாலத்துக்கு மாற்று ஆள் கேட்டு எழுதியும் யாரும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் வரும்போது டீச்சர் இல்லையென்றால் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளைக் கீழச்சிவல்பட்டிக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அவ்வளவு தூரம் பெண்பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? அன்றைக்குத்தான் இன்ஸ்பெக்டர் வருகிறார்.

வீட்டில் பாப்பா பிறந்து மூன்றாம் நாள். எங்களை அந்த அறைப்பக்கம் விடவில்லை. காலையில் அறையில் சத்தமே இல்லை. அம்மா எங்கே என்று அத்தையைக் கேட்டேன்.

"ஒங்கம்மா வரமாட்டா. போங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுத முகம்.

பள்ளியில் இதைச் சொன்னேன். செக்கு வீட்டு மூத்தவன் சொன்னான்: "பிள்ளை பெத்த வீட்ல அழுதா அம்புட்டுத்தான். ஒங்காத்தா செத்துருச்சு புள்ள."

அவனைக் கிள்ளினேன். நான் அழவில்லை.

அப்போது அம்மா வந்தாள். தலை முழுகியிருந்தாள். பின்னாத முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நெற்றியில் பொட்டில்லை. எங்களைப் பார்த்தாள், பார்த்தமாதிரியும் இல்லை.

ராவுத்தர் மகள் என் காதில் சொன்னாள்: "காலப் பாருடி. பேயின்னா தடம் விழாது."

பூப்போட்ட கல் தரையில் ஈரத் தடம் விழுந்திருந்தது. பேயில்லை. ஆனாலும் தம்பி அவளிடம் போகவில்லை. என் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கதவு கொஞ்சம் திறந்தது. "என்ன டீச்சர், தீட்டோட வந்து நிக்கிறீக?"

"சாயங்காலம் நானே கழுவி விட்டுட்டுப் போறேன் ஆச்சி."

குரல் அம்மாவுடையதுதான். வீட்டில் பேசும் குரல் இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். வாய்ப்பாடு கேட்டார். அம்மா பலகையில் கணக்கு எழுதினாள். நேரம் போகப்போகத் தரைத் தடம் காய்ந்தது, முடியும் காய்ந்தது. ரவிக்கையின் முன்பக்கம் மட்டும் காயவில்லை. ஈரம் பரவிக்கொண்டே இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆச்சியும் பார்த்தார்கள். உள்ளே போய் ஒரு துண்டு எடுத்து வந்து, அம்மாவின் தோளைச் சுற்றி முன்னால் மூடிவிட்டார்கள். தீட்டு என்றவர்கள் தொட்டுப் போர்த்தினார்கள். பங்குனி வெயில். யாருக்குக் குளிரும்?

தெருவுக்கு எதிர்ப்பக்கம் அப்பா வந்து நின்றார். கையில் மண்வெட்டி. முழங்கால் வரை செம்மண். எங்களுக்குக் காடு கரை கிடையாது. அம்மா அவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அம்மா திரும்பி அடுத்த கணக்கை எழுதினாள்.

இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது, "பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆபத்தும் வராது டீச்சர்" என்றார். "இதுல ஒங்க பிள்ளைக யாரு?"

எங்களைக் காட்டினாள்.

"மொத்தமே இவ்வளவுதானா?"

"இல்லைங்க சார். நாலு."

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன், நான், தம்பி. டீச்சரே கணக்கில் தப்புப் போட்டதை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

சாயங்காலம் சொன்னபடி முகப்பைக் கழுவிவிட்டாள். ஒற்றை ஆளாக. வீட்டுக்குப் போனபோது தொட்டில் கட்டிய சேலை அவிழ்ந்திருந்தது.

பாப்பா அன்று விடிவதற்குள் இறந்துபோனதை அத்தை பிறகு சொன்னாள். ரவிக்கை ஈரம் என்னவென்று, எனக்கு முதல் பிள்ளை பிறந்து பால் கட்டியபோதுதான் தெரிந்தது.

அந்தப் பள்ளி மூடப்படவில்லை. அம்மா ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள். அப்பா படுக்கையில் விழுந்தபோது வருடக்கணக்கில் அவளே மலமூத்திரம் அள்ளிப்போட்டாள். ஊரெல்லாம் அவளிடம் படித்து வேலைக்குப் போனது. நான் ஐந்தாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்த எண்ணிக்கை மூன்றுதான்.

கடைசியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்கள் பெயர்கூட அவளுக்கு மறந்துவிட்டது. நர்ஸ் குனிந்து கேட்டாள், "பாட்டிக்கு எத்தனை பிள்ளைங்க?"

கட்டிலைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அம்மா ஒவ்வொருவராகப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் வாசல் பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

நாலு.