படத்தில் இல்லாத வரிகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில், தேவாலயத்தை ஒட்டிய மண்டபம். பிற்பகல் வெக்கையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெருக்கி உட்கார்ந்து ஓர் ஆவணப்படம் பார்க்கிறோம். இன்றைய அமெரிக்காவில், போலீஸ் சுட்டதில் மகனை இழந்த கறுப்பினத் தாய் ஒருத்தி தன் சமையலறையில் நின்று பேசுகிறாள். திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நிற்கும் பிலோமினா டீச்சர் அதை வரிக்கு வரி தமிழில் சொல்கிறார்.

"என்ட பிள்ளை போய் ஆறு வருஷம். அவன்ட அறைய நான் இன்னும் பூட்டேல்ல."

சென்னையிலிருந்து வந்திருக்கும் எனக்கு ஆங்கிலம் தெரியும். ஒரு சொல் பிசகவில்லை. திரையில் அந்தத் தாய் பேச்சை நிறுத்தி ஜன்னலைப் பார்க்கிறாள். டீச்சர் நிறுத்தவில்லை.

"வேலைக்குப் போனவன். வத்தளையில வச்சு வேனில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். நான் ஏறி இறங்காத ஆமிக் காம்ப் இல்ல. அவன்ட சேர்ட்ட மாசத்துக்கொருக்கா தோய்ச்சு மடிச்சு வைக்கிறனான்."

பக்கத்திலிருக்கும் துறைமுகத் தொழிலாளியிடம், "இது படத்தில் இல்லையே, அண்ணா?" என்று மெதுவாகக் கேட்கிறேன்.

"ஓம் தங்கச்சி. அது டீச்சரிட மகன்." அவர் டீச்சரைப் பார்த்தபடியே சொல்கிறார். "இவ்வளவு காலமும் அவ இதை ஒருத்தரோடயும் கதைச்சதில்ல."

படம் போடுபவர் படத்தை நிறுத்துகிறார். அமெரிக்கத் தாயின் முகம் திரை நிறைய அப்படியே நிற்க, அந்த வெளிச்சத்தில் டீச்சர் பேசிக்கொண்டே போகிறார்.

கடைசியில் மகனுடைய பெயரைச் சொல்கிறார். மண்டபம் முழுவதும் எழுந்து நிற்கிறது.